லாபம் வேலையைப் பெருக்குமா, குறைக்குமா: வடஆற்காட்டுக் கணக்கிலிருந்து ஒரு பதில்

குடியாத்தத்தைச் சேர்ந்த, வணிகவியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது. தொழில் நடத்துபவர் லாபத்தை நாடினால்தான் நாட்டில் வேலை பெருகும் என்று வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். பேர்ணாம்பட்டில் தோல் தொழிற்சாலை ஒன்றில் 22 ஆண்டுகள் வேலை பார்த்த அவருடைய தந்தையோ, லாபம் போதவில்லை என்று சொல்லித்தான் தங்கள் ஷிப்டில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள் என்கிறார். இருவரில் யார் சொல்வதை நம்புவது?

நான் பொருளாதாரப் பேராசிரியன் அல்லன். வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பகுதிகளில் வங்கியின் சிறுதொழில் கடன் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். ஆகவே, பிறருடைய லாப நட்டக் கணக்கையும் ஐந்தொகையையும் படித்துப் படித்துத் தொழிலை அறிந்துகொண்ட ஒருவனின் பதிலாகவே இதைக் கொள்ளுங்கள்.

முதலில், கணக்குப் புத்தகம் கூலியை எந்தப் பக்கத்தில் எழுதுகிறது என்று பாருங்கள். செலவுப் பக்கத்தில். பச்சைத் தோல், ரசாயனம், மின்கட்டணம், வட்டி ஆகியவற்றுக்கு அடுத்த வரியில் கூலி நிற்கிறது. எந்த முதலாளியும் வேலை கொடுப்பதற்காகத் தொழில் தொடங்குவதாகச் சொல்லி என் மேசைக்கு வந்ததில்லை. கடன் விண்ணப்பத்தில் எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும் என்று ஒரு கட்டம் இருக்கும். மானியம் எதிர்பார்ப்பவர்கள் அதில் தாராளமாக ஓர் எண்ணை எழுதுவார்கள். அதே முதலாளி வருங்கால வைப்புநிதிக் கணக்கில் காட்டும் எண் அதில் பாதிகூட இராது. 20 பேரைத் தொட்டால் வைப்புநிதி, மின்சாரத்தோடு இயங்கும் இடத்தில் 10 பேரைத் தொட்டால் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் என்று என் காலத்தில் இருந்த வரம்புகளைத் தாண்டாமல் இருப்பதற்காக, ஒரே கூரையின் கீழ் அண்ணன் பெயரில் ஒன்றும் தம்பி மனைவி பெயரில் ஒன்றுமாக இரண்டு பெயர்ப் பலகைகள் தொங்கியதை நானே பலமுறை ஆய்வுக்குப் போனபோது பார்த்திருக்கிறேன். இந்த அளவில் உங்கள் தந்தையார் சொல்வதில் மிகையில்லை: லாபத்தைத் தேடுகிறவரின் கண்ணுக்கு ஆள் என்பது குறைக்க வேண்டிய ஒரு செலவு.

ஆனால் லாபமே இல்லாத இடத்தில் வேலை நிலைத்திருக்கிறதா என்று திருப்பிக் கேட்டால், அதற்கும் நம் பழைய வடஆற்காடு மாவட்டத்திலேயே விடை உண்டு. வேலூருக்கு அம்முண்டி, திருப்பத்தூருக்குக் கேத்தாண்டப்பட்டி, ஆம்பூருக்கு வடபுதுப்பட்டு என்று மூன்று கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளை ஒரு காலத்தில் நாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டோம். கூட்டுறவு ஆலை லாபத்துக்காக நடத்தப்படுவதன்று. விவசாயிக்கு விலையும் தொழிலாளிக்கு வேலையும் தருவதே அதன் நோக்கம். நோக்கம் நல்லதாக இருந்தும், நட்டம் ஆண்டுக்கு ஆண்டு சேர்ந்தபோது தமிழகத்துக் கூட்டுறவு ஆலைகள் பலவற்றில் முதலில் கரும்புப் பணம் பாக்கி விழுந்தது, பிறகு ஊதியம் தாமதப்பட்டது, பிறகு காலியான இடங்கள் நிரப்பப்படாமலே போயின. முதலுக்கே மோசம் வந்த தொழிலில் நல்லெண்ணத்தால் ஒரு மாதச் சம்பளம்கூடக் கொடுக்க முடியாது.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்த பிறகுதான் நான் நம்பும் விடைக்கு வருகிறேன். லாபம் நல்லதா கெட்டதா என்று கேட்பதால் ஒன்றும் தெரியவராது. அந்த லாபம் எந்த வழியாக வந்தது, வந்த பின் எங்கே போனது என்று கேட்டால்தான் வேலை பெருகுமா குறையுமா என்பது தெரியும். நம் ஊர்த் தோல் தொழிலை விட இதற்குப் பொருத்தமான சான்று இந்தியாவிலேயே அதிகம் இல்லை என்பதால், அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட தோல், ஆங்கிலேயர் காலத்திலிருந்தே சென்னைத் துறைமுகம் வழியாக லண்டன் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தது. வணிகர்கள் அதை ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் என்பார்கள். அது அரைநிலைத் தோல். இங்கே ஊறவைத்து, சுண்ணாம்பிலிட்டு, மயிரும் சதையும் நீக்கி, பட்டைச் சாற்றில் பதனிட்டு, மூட்டை கட்டி அனுப்பினால், அங்கே அதற்குச் சாயமேற்றி, மெருகேற்றி, காலணியாகவும் கைப்பையாகவும் ஆக்கி விற்பார்கள். இங்கிருந்த முதலாளிகளுக்கு அதில் நல்ல லாபம் கிடைத்தது. இன்று இந்த ஊர்களில் நிற்கும் பழைய பள்ளிகளும் கல்லூரிகளும் பல, அந்த லாபத்தின் ஒரு பகுதியால் எழுந்தவை. ஆயினும் அந்த லாபம் தந்த வேலை மிகக் குறைவு. ஒரு தோலுக்குள் அடங்கியிருக்கும் வேலையில் கடினமான, நாற்றமெடுக்கும், கூலி குறைந்த முதற்பகுதி மட்டும் நம்மிடம் இருந்தது. தைப்பதும் ஒட்டுவதும் வடிவமைப்பதுமாகிய மற்ற வேலையெல்லாம் கப்பலேறிப் போனது.

முதலாளிகளாகவே மனம் மாறிக் காலணி செய்யத் தொடங்கினார்களா என்றால், இல்லை. அரைநிலைத் தோலில் பணம் உடனே கைக்கு வரும்போது, புதிய இயந்திரம், புதிய திறமை, வெளிநாட்டு வாங்குபவரோடு புதிய உறவு என்று சுமையை ஏன் ஏற்க வேண்டும் என்பதுதான் அவர்களுடைய கணக்கு. தனியொரு முதலாளியின் இடத்திலிருந்து பார்த்தால் அந்தக் கணக்கு சரியானதே. 1972இல் சீதாராமய்யா குழு பரிந்துரைத்ததை ஏற்று, 1973 முதல் அரைநிலைத் தோல் ஏற்றுமதிக்கு மத்திய அரசு அளவு வரம்பு விதித்தது. அதன்மேல் ஏற்றுமதி வரியும் போட்டு, முழுநிலைத் தோலுக்கும் தோற்பொருளுக்கும் ஊக்கத்தொகை கொடுத்தது. முன்பு எளிதாக லாபம் தந்த வழி குறுகியது. கடினமாக இருந்த வழியில் லாபம் தெரியத் தொடங்கியது. 1948 முதல் அடையாறில் இயங்கிவரும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் தொழில்நுட்பத்தில் கைகொடுத்தது. அதன் பிறகுதான் முழுநிலைத் தோல், அதன் பிறகு காலணியின் மேற்பகுதியாகிய அப்பர், அதற்கும் பிறகு முழுக் காலணி என்று ஒவ்வொரு படியாக இந்தப் பகுதி ஏறியது.

இதனால் வேலை என்ன ஆனது என்பதை ஆம்பூர்ச் சாலையில் காலை ஏழரை மணிக்கு நின்று பார்த்தால் புரியும். மாதனூர், குடியாத்தம், பேர்ணாம்பட்டுப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து பெண்களை ஏற்றிவரும் கம்பெனி பஸ்கள் வரிசையாக வரும். பதனிடும் கூடத்தில் இரண்டு மூன்று பேர் ஒரு டிரம்மைக் கவனித்துக்கொள்வார்கள். அந்த ஒரு டிரம்மிலிருந்து வெளிவரும் தோல், கட்டிங், தையல், அச்சில் ஏற்றி வடிவம் கொடுக்கும் லாஸ்டிங், ஃபினிஷிங், பேக்கிங் என்று போகும்போது அதைவிடப் பன்மடங்கு கைகளைக் கேட்கும். தையற் பிரிவில் அநேகமாக எல்லாரும் பெண்கள். அவர்களுடைய தாய்மார்கள் பீடி சுற்றியவர்கள் அல்லது நிலக்கடலை பறிக்கப் போனவர்கள். வங்கிக் கணக்கு என்பது அவர்கள் பெயரில் முதன்முதலாகத் தொடங்கப்பட்டதே அந்தச் சம்பளத்துக்காகத்தான். அந்தப் படிவங்களில் கைநாட்டு குறைந்து கையெழுத்து கூடியதை ஒரு தலைமுறைக்குள் நான் கண்டேன்.

1973க்கு முன்னும் பின்னும் முதலாளிகளின் லாப ஆசை ஒரே அளவுதான் இருந்தது. பல குடும்பங்கள் அதே குடும்பங்கள். வழி மட்டும் மாறியது, வேலை பெருகியது. வகுப்பில் உங்களுக்குச் சொல்லப்பட்ட வாக்கியத்தில் விடுபட்டுப்போவது இந்தப் பகுதிதான். லாபம் ஓடும் வாய்க்காலைச் சட்டமும் வரியும் கூலியும் சந்தையும் சேர்ந்துதான் வெட்டுகின்றன.

நியாயமாக இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த மாற்றத்தில் எல்லாரும் பிழைக்கவில்லை. இயந்திரம் வாங்க முதலில்லாத சிறு பதனீட்டாளர்கள் பலர் தம் பெயரில் ஏற்றுமதி செய்வதை விட்டு, பெரிய ஏற்றுமதியாளருக்கு ஜாப் ஒர்க் செய்து கொடுப்பவர்களாக ஆனார்கள். தோலும் அவர்களுடையதன்று, விலையும் அவர்கள் கையில் இல்லை. உங்கள் தந்தையார் வேலை பார்த்த இடம் அப்படிப்பட்ட ஒன்றாக இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது, ஏனெனில் ஆர்டர் குறைந்த அன்றே ஆளைக் குறைக்கும் பழக்கம் அங்கேதான் அதிகம். லாபம் மேலே தங்கி, நட்டம் கீழே இறங்கும் அமைப்பு அது.

இனி பாலாற்றுக்கு வருவோம். பட்டையை விட்டுக் குரோமியத்தில் பதனிடத் தொடங்கியபோது பல நாள் வேலை சில நாளில் முடிந்தது, லாபம் கூடியது, தொழிற்சாலைகள் பெருகின. கழிவுநீரைச் சுத்திகரிக்கும் செலவு மட்டும் யாருடைய கணக்கிலும் எழுதப்படவில்லை. எழுதப்படாத செலவு இல்லாமற்போய்விடுமா? ஆற்றிலும் கிணற்றிலும் நிலத்திலும் அது எழுதப்பட்டது. வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, தோல் தொழிற்சாலைகள் மிகுந்த பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போனதாகப் பதிவு செய்கிறது. ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்கச் சுமார் 35 லிட்டர் நீர் செலவாகிறது என்பதும் அதே தீர்ப்பில் உள்ளது.

அந்த நிலத்தை வேலைக் கணக்காக மாற்றிப் பாருங்கள். நெல்லும் கரும்பும் தென்னையும் இருந்த ஒரு ஹெக்டேரில் நடவு, களை, அறுப்பு, வெட்டு என்று ஆண்டில் எத்தனை பேருக்குக் கூலி கிடைத்திருக்கும்? அவர்கள் எந்தத் தொழிற்சாலையின் வருகைப் பதிவேட்டிலும் இல்லாதவர்கள்; ஆகவே அவர்கள் இழந்த வேலை எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறவில்லை. ஒரு தொழிற்சாலை இத்தனை பேருக்கு வேலை தந்தது என்று சொல்லும்போது, அது பறித்த வேலையையும் அதே தாளில் கழிக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் இதுதான். விவசாயக் கடன் பிரிவிலிருந்த என் நண்பர், நான் தோல் தொழிலுக்குக் கடன் வழங்கிய அதே ஆண்டுகளில், அதே ஊர்களில், கிணற்று நீர் கெட்டு வாராக்கடனான கணக்குகளை எழுதிக்கொண்டிருந்தார். ஒரே கிளை, இரண்டு மேசைகள்.

தோல் தொழில் அந்நியச் செலாவணி ஈட்டுகிறது, வேலை தருகிறது என்பதை நீதிமன்றம் மறுக்கவில்லை; அதற்காகச் சுற்றுச்சூழலை அழிக்கும் உரிமை அதற்கு இல்லை என்றது. கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அறிவிக்கப்பட்டதும் அந்த வழக்கில்தான். ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. அந்தத் தொகை அன்றே எனக்குச் சிரிப்பை வரவழைத்தது. ஆனால் சுத்திகரிப்பு அமைப்பு இல்லாவிட்டால் மூடு என்ற உத்தரவு சிரிப்புக்குரியதாக இல்லை. அப்போது ஊரெங்கும் வேலை போய்விடும் என்ற அச்சம் பரவியது. சில இடங்கள் மூடப்பட்டதும் உண்மை. ஆயினும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் சேர்ந்து, செலவைத் தம் கணக்கில் ஏற்றுக்கொண்டு தொழில் தொடர்ந்தது; ஆம்பூரின் காலணி வேலை பெரிதாக வளர்ந்ததும் அந்தத் தீர்ப்புக்குப் பிந்தைய ஆண்டுகளில்தான். லாபத்துக்குக் கடிவாளம் போட்டால் வேலை செத்துவிடும் என்பவர்களுக்கு இதை நான் எடுத்துக்காட்டுவது வழக்கம்.

கதை அங்கே சுபமாக முடியவும் இல்லை. 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்துத் தொழிற்சாலையில் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் கழிவில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அதே ராணிப்பேட்டையில், 1990களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற குரோமியக் கழிவு மலையாகக் கிடந்தது. அந்த ஆலையின் லாபம் எப்போதோ பிரித்தெடுக்கப்பட்டுவிட்டது, வேலையும் முடிந்துவிட்டது, செலவு மட்டும் தலைமுறைகளுக்கு மிஞ்சியது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பாலாற்று மாசு குறித்து மறுபடியும் விரிவான தீர்ப்பளித்து, ஈட்டுத்தொகையையும் சீரமைப்பையும் வலியுறுத்த வேண்டியிருந்தது என்றால், முந்தைய கணக்கு இன்னும் தீரவில்லை என்றுதான் பொருள்.

வேலையின் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர்கள் பீடித் தொழிலையும் நினைத்துப் பார்க்க வேண்டும். குடியாத்தத்தில் பிறந்த உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. எண்ணிக்கையில் அது மாபெரும் தொழில். முதலாளிக்கு லாபமும் உண்டு. பீடித் தொழிலாளர்களுக்கென்று 1966இல் தனிச் சட்டம் வந்தும், இலையையும் தூளையும் இடைத்தரகர் வழியாக வீட்டுக்கு அனுப்பி, சுற்றிய பீடியை ஆயிரக்கணக்கில் எண்ணி வாங்கும் முறையே நிலைத்தது. கட்டடம், விளக்கு, உட்காரும் இடம் எல்லாம் தொழிலாளியின் வீட்டுச் செலவு. இலை குறைந்தால் அவள் கையிலிருந்து பிடித்தம். தரமில்லை என்று கழிக்கப்பட்ட பீடிக்குக் கூலி கிடையாது. இங்கே லாபம் வேலையைக் கொடுக்கிறது, ஆனால் பிள்ளைகள் அந்த வேலைக்கு வந்துவிடக் கூடாது என்று தாய்மார் வேண்டிக்கொள்ளும்படியாகக் கொடுக்கிறது.

அண்மைக் காலத்திலிருந்து ஓர் எளிய கணக்கு. ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கம் சிப்காட்டில் 2024ஆம் ஆண்டில் மூன்று மாதத்துக்குள் இரண்டு ஆலைகளுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஒன்று டாடா மோட்டார்ஸ் கார் ஆலை: முதலீடு 9,000 கோடி ரூபாய், அறிவிக்கப்பட்ட வேலை சுமார் 5,000 பேருக்கு. மற்றொன்று தைவானைச் சேர்ந்த ஹாங் ஃபூ நிறுவனத்தின் காலணி ஆலை: முதலீடு 1,500 கோடி ரூபாய், அறிவிக்கப்பட்ட வேலை 25,000 பேருக்கு. வகுத்துப் பார்த்தால் முதலாவதில் ஒரு வேலைக்கு 1 கோடியே 80 லட்சம் ரூபாய், இரண்டாவதில் 6 லட்சம் ரூபாய். அறிவிப்புகள் அப்படியே நிறைவேறும் என்று நான் உறுதி கூற மாட்டேன். கார் ஆலையைச் சுற்றி உதிரிபாகத் தொழில்கள் வரும், அங்கே ஊதியமும் கூடுதலாக இருக்கும் என்பதையும் மறுக்கவில்லை. இரண்டும் லாபத்துக்காகவே வருகின்றன. ஒரே வளாகத்தில், ஒரே அரசின் கீழ், ஒரே லாப நோக்கம், ஒரு வேலைக்கான முதலீட்டில் முப்பது மடங்கு வேறுபாடு. லாபம் வந்தால் வேலை வரும் என்ற பொது வாக்கியம் இந்த முப்பது மடங்கைப் பற்றி எதுவுமே சொல்வதில்லை.

வந்த லாபம் எங்கே போனது என்ற இரண்டாவது கேள்விக்கு, என் மேசைக்கு வந்த இருவரை நினைவுகூர்கிறேன். இருவருமே அப்பர் தைத்துக் கொடுக்கும் சிறு தொழிற்கூடம் நடத்தியவர்கள். ஒரே ஆண்டில், ஏறக்குறைய ஒரே அளவு லாபம் காட்டியவர்கள். முதலாமவர் தம் லாபத்தோடு எங்கள் கடனையும் சேர்த்துத் தோல் வெட்டும் கிளிக்கிங் மெஷின்கள் வாங்கினார். கையால் வெட்டிக்கொண்டிருந்த நால்வரில் இருவருக்கு அந்தக் கூடத்தில் வேலையில்லாமற்போனது. அவர்களில் ஒருவர் என்னிடமே வந்து, உங்கள் கடனால்தான் என் பிழைப்பு போனது என்று நேருக்கு நேர் சொன்னார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் வெட்டு வேகமானதால் கூடுதல் ஆர்டர் எடுக்க முடிந்து, இரண்டு ஆண்டுகளுக்குள் தையலில் பதினெட்டுப் பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். வேலை இழந்த இருவருக்கும் அந்தப் பதினெட்டில் இடமில்லை என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. வெட்டுகிறவர் தையலுக்கு உடனே மாற முடியாது. சேர்ந்தவர்களோ இளம் பெண்கள். மொத்தக் கணக்கில் வேலை கூடியது என்ற உண்மை அந்த இரண்டு வீடுகளில் அடுப்பெரிக்கவில்லை.

இரண்டாமவர் தம் லாபத்தைத் தொழிலிலிருந்து எடுத்துப் புறவழிச்சாலையோரம் மனை வாங்கிப் போட்டார். மனை விலை ஏறியது. அவர் முதலாமவரைவிடப் பணக்காரரானார். அவருடைய கூடத்தில் தையல் இயந்திரங்கள் பழையனவாகி, ஆர்டர் குறைந்து, பின்னர் அது கிடங்காக வாடகைக்கு விடப்பட்டது. அவர் செய்ததில் சட்டப் பிழை ஒன்றுமில்லை. லாபத்தை நாடுகிற மனம் தொழிலைவிட மனையில் லாபம் அதிகம் என்று கண்டால் அங்கேதான் போகும், அதை ஒழுக்கப் பேச்சால் தடுக்க முடியாது.

இதையே நாட்டளவில் பார்க்க வேண்டுமானால், 2019 செப்டம்பரில் மத்திய அரசு நிறுவன வருமான வரியை 30 விழுக்காட்டிலிருந்து 22ஆகவும், புதிய உற்பத்தி நிறுவனங்களுக்கு 15ஆகவும் குறைத்தது. கையில் லாபம் மிஞ்சினால் முதலீடும் வேலையும் தாமே வரும் என்பதுதான் எதிர்பார்ப்பு. 2024-25ஆம் ஆண்டின் பொருளாதார ஆய்வறிக்கை, 2023-24இல் பெரு நிறுவனங்களின் லாபம் 15 ஆண்டுகளில் காணாத உயரத்தைத் தொட்டதையும், லாபம் 22.3 விழுக்காடு கூடிய அந்த ஆண்டில் வேலைவாய்ப்பு 1.5 விழுக்காடே கூடியதையும் குறிப்பிடுகிறது. இதைச் சொல்வது தொழிற்சங்கம் அன்று, அரசின் சொந்த அறிக்கை.

லாபத்தை நோக்கமாகக் கொள்ளாத நிறுவனம் வேலை தருமா என்றும் நீங்கள் கேட்கலாம். வேலூர்க்காரர்கள் அதற்கு வெளியூர் போக வேண்டியதில்லை. ஐடா ஸ்கடர் 1900இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனை, லாபம் பங்கிடப்படாத நிறுவனம். வரவு செலவைவிடக் கூடினால் அது கட்டடமாகவும் கருவியாகவும் ஏழை நோயாளிக்கான சலுகையாகவும் உள்ளேயே திரும்புகிறது. நட்டத்தில் நடக்கவும் அதனால் முடியாது. அதனால்தான் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நிற்கிறது. அதன் வாசலுக்கு எதிரே காந்தி ரோட்டிலும் சுற்றுத் தெருக்களிலும் லாட்ஜ், மெஸ், மருந்துக்கடை, ஆட்டோ, பயணச்சீட்டுக் கடை, வங்காள மொழிப் பெயர்ப் பலகை என்று எழுந்திருப்பவை அத்தனையும் லாபத்துக்காகவே நடப்பவை. லாபம் தேடாத ஒன்று, லாபம் தேடும் ஆயிரம் கடைகளுக்கு வாடிக்கையாளரைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. கொல்கத்தாவிலிருந்து நோயாளி வராவிட்டால் அந்த லாட்ஜ் முதலாளி எவ்வளவு லாப ஆசையோடு இருந்தாலும் ஒரு ரூம் பாயைக்கூட வேலைக்கு வைக்க மாட்டார். வேலையை முதலில் உண்டாக்குவது வாங்குபவர் கையிலுள்ள பணமும் தேவையும்தான். முதலாளியின் ஆசை அதற்குப் பிறகுதான் வேலை செய்யத் தொடங்குகிறது. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50 விழுக்காடு வரி விதித்தபோது ஆம்பூரில் எழுந்த கலக்கமும் இதையே காட்டியது. அந்த மாதத்தில் எந்த முதலாளிக்கும் லாப ஆசை குறைந்திருக்கவில்லை.

ஆகவே, வகுப்பில் கேட்டதையும் வீட்டில் கேட்டதையும் எதிரெதிராக நிறுத்த வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். படிப்பு முடிந்து நீங்கள் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போகும்போது, அது எவ்வளவு லாபம் ஈட்டுகிறது என்பதோடு நிற்காமல், கடந்த ஐந்து ஆண்டுகளில் அந்த லாபத்தைக் கொண்டு என்ன வாங்கினார்கள் என்றும் கேட்டுப் பாருங்கள். 2020ஆம் ஆண்டு ஊரடங்கில் நான் அறிந்த இரண்டு காலணித் தொழிற்கூடங்கள் ஒரே நாளில் மூடின. ஒன்றில் முந்தைய ஆண்டுகளின் லாபம் கையிருப்பாக இருந்தது. ஏப்ரல், மே இரண்டு மாதமும் பாதிச் சம்பளத்தைப் பெண்களின் கணக்கில் போட்டார்கள், ஜூனில் பஸ்ஸை அனுப்பி அதே ஆட்களை அழைத்துக்கொண்டார்கள். மற்றொன்றில் லாபம் வந்த ஆண்டிலேயே வெளியே எடுக்கப்பட்டு, தொழில் முழுவதும் அன்றாடச் செலவுக்காக வங்கி தரும் நடைமுறை மூலதனக் கடனில் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே ஆகஸ்டு வரை கதவு திறக்கவில்லை. திறந்தபோது பழைய ஆட்களில் பலர் நூறுநாள் வேலைக்கும் பீடிக்கும் போய்விட்டிருந்தார்கள், புதிதாக வந்தவர்கள் ஒப்பந்தக்காரர் மூலம் வந்தார்கள். லாபக் கணக்கை மட்டும் பார்த்தால், ஊரடங்குக்கு முந்தைய ஆண்டில் அதிக லாபம் காட்டியது இரண்டாவது கூடம்தான்.